அழிஞ்சுபோன ப்ரோக்ராம்

“ஜெயபாரதி மிஸ்ஸுக்கெல்லாம் எவன் வேலை குடுத்தான்?”

ப்ராக்டிகல் எக்ஸாம் முடிஞ்சு வெளிய வந்ததும் வராததுமா கத்திட்டேன். பின்னே என்னங்க? அடையாறுல எங்க காலேஜ் மைக்ரோப்ராசசர் லேப்ல இன்னைக்கு நடந்த கூத்தைக் கேட்டா நீங்களும் கத்துவீங்க.

ப்ராசசர் கிட்டோட பட்டன்கள்ல ப்ரோக்ராம் கோடை ஒவ்வொண்ணா அடிச்சு, மெமரியில ஏத்தி, ரிசல்ட் வாங்கி, முதல் ஆளா கையைத் தூக்கினவன் நான். வேற காலேஜ்லேருந்து எக்ஸ்டர்னல் எக்ஸாமினரா வந்த சண்முகசுந்தரம் சார் என்கிட்ட வர்ற நேரம் பார்த்து, வாசல்ல சிம்ரா மூச்சிரைக்க வந்து நின்னா.

“சார், அத்தாவுக்கு நெஞ்சு வலி. ஆஸ்பத்திரியில சேர்த்துட்டு ஓடி வர்றேன்.”

“அரை மணி நேரம்தான் இருக்கு. உட்காரு. அதுக்கு மேல ஒரு நிமிஷம் தரமாட்டேன்.”

“கொஞ்சம் பார்த்து செய்யுங்க சார்,” எங்க லேப் இன்சார்ஜ் ஜெயபாரதி மிஸ் கெஞ்சினாங்க. “இந்த ஒரு பேப்பர்தான் பாக்கி. இது போனா, கிடைச்ச வேலையும் போயிடும்.”

“ரூல் ரூல்தான்!”

அப்பாவை ஆஸ்பத்திரியில விட்டுட்டு வந்தவளைப் பார்க்க எனக்கும் பாவமாத்தான் இருந்துச்சு. அரை மணியில அவ ப்ரோக்ராமை எழுதவே முடியாது. சார் என் பக்கம் திரும்பினார்.

“ப்ராசசரும் மெமரியும் எப்படிப் பேசிக்கும்?”

“எந்த அறைன்னு அட்ரஸ் பஸ் சொல்லும் சார். அந்த அறையில இருக்கறதை டேட்டா பஸ் தூக்கிட்டு வரும்.”

“ரேம்ல ஏத்தினது எதுவரைக்கும் இருக்கும்?”

“கரண்ட் இருக்கற வரைக்கும் சார்.”

சொல்லி வாயை மூடலை. பட்டுனு எல்லா கிட்டும் அணைஞ்சுபோச்சு!

அடுத்த நொடியே கரண்ட் வந்துடுச்சு. வந்து என்ன பிரயோஜனம்? எல்லார் ப்ரோக்ராமும் காலி. ஸ்டோர் ரூம்லேருந்து ஜெயபாரதி மிஸ் கையைப் பிசைஞ்சுக்கிட்டே வந்தாங்க.

“ஒயர் எடுக்கப் போனேன் சார். மெயின் ஸ்விட்ச்ல தோள் இடிச்சுடுச்சு. சாரி.”

“கண்ணை எங்க வெச்சிருந்தீங்க?” சார் மேஜையைத் தட்டினார். “ஒரு லேப் நடத்தத் துப்பில்லை! இதை நான் ரிப்போர்ட்ல எழுதத்தான் போறேன்!”

“எழுதுங்க சார்.”

சார் பல்லைக் கடிச்சுக்கிட்டு எங்க பக்கம் திரும்பினார். “கரண்ட் போனா டைம் குடுக்கணும்னு ரூல் இருக்கு. எல்லாரும் முதல்லேருந்து அடிங்க. ஒரு மணி நேரம்.”

அடிச்சேன். விரல் நோக அடிச்சேன். மனசுக்குள்ள மிஸ்ஸைத் திட்டாத திட்டு இல்லை.

வெளிய வந்து நான் கத்தினதும், கூடப் படிக்கற காஷிஃப் எரியற நெருப்புல எண்ணெய் ஊத்தினான். “சும்மா விடாத மச்சி. பிரின்சிபால்கிட்ட போவோம். வெறும் வாயால சொன்னா நம்பமாட்டாரு. தோள் பட்டா அணையற மாதிரியா ஸ்விட்ச் வெப்பாங்க? போய் ஒரு போட்டோ எடுத்துனு வா.”

நல்ல யோசனைதான். பையிலேருந்து போனை எடுத்துக்கிட்டு விறுவிறுனு திரும்பி நடந்தேன்.

மாடிப்படியில உட்கார்ந்து சிம்ரா வீட்டுக்குப் பேசிக்கிட்டிருந்தா. “முடிச்சுட்டேம்மா. ரிசல்ட் சரியா வந்துடுச்சு. அல்லாஹ்தான் கரண்டை நிறுத்தினான்.”

அவளுக்கு என்ன, சொல்லுவா! எனக்கு வயிறு எரிஞ்சுது.

லேப்ல யாரும் இல்லை. ஸ்டோர் ரூமுக்குள்ள நுழைஞ்சு, போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு மெயின் ஸ்விட்சைத் தேடினேன்.

என் தலைக்கு மேல, சுவத்துல ஒரு இரும்புப் பெட்டி. அதுல ஒரு பூட்டு. எட்டிப் பிடிச்சு இழுத்துப் பார்த்தேன், அசையலை. ஸ்டூல் போட்டு ஏறிப் பூட்டைத் தொறக்காம அந்த ஸ்விட்சை யாரும் தொடவே முடியாது. மிஸ் என்னைவிடக் குள்ளம்.

“எடுத்துட்டியா ஃபராஸ்?”

திரும்பினேன். சாவிக் கொத்தோட ஜெயபாரதி மிஸ் நின்னாங்க. கண்ணு சிவந்திருந்துச்சு.

“மிஸ்... இது பூட்டி...”

“ஆமாம்ப்பா. போட்டோவைப் பிரின்சிபால்கிட்ட தாராளமா காட்டு. சிம்ராகிட்ட மட்டும் காட்டிடாதே.”