சபைக்கு முதுகு

நீலாவதி மறுபடியும் இடது காலைத்தான் தூக்கினாள்.

"நிறுத்துங்க," என்றார் மெட்ராஸிலிருந்து வந்திருந்த மாஸ்டர் தேவநாதன். தாளம் தட்டிக்கொண்டிருந்த தட்டுக்கழியைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வலதுல எடுங்கம்மா. எத்தன வாட்டி சொல்றது?"

அறுபத்தொன்பதாம் வருஷத்து மே மாதம். விருத்தாசலத்து வெயிலில் உச்சிப் பொழுதில் ஆடச் சொல்கிறவர்களை என்ன செய்வது? ஊரில் இருக்கிற பீங்கான் சூளைக்கு லீவு விட்டுவிட்டு, கிண்ணங்களை இந்தப் பள்ளிக்கூட ஹாலிலேயே அடுக்கிச் சுட்டு எடுத்திருக்கலாம். விறகாவது மிச்சம்.

கோடைப் பயிற்சி முகாம் முடிகிற நேரம். வந்திருந்தவர்கள் எல்லாரும் பள்ளிக்கூடங்களில் டான்ஸ் சொல்லிக்கொடுக்கிற டீச்சர்கள். காலையில் அடவு, மதியம் நடனம் அமைக்கும் பாடம், சாயங்காலம் மறுபடியும் அடவு. முழங்கால் வீங்காதவர்கள் ஒருவரும் இல்லை. இன்று அவரவர் அமைத்த நடனத்தை அவரவர் ஆடிக் காட்ட வேண்டும். மாஸ்டர் ஒன்றைப் பொறுக்குவார். அது நாளைக்கு நிறைவு விழாவில், ஊர்ச் சனத்துக்கு முன்னால், மேடை ஏறும்.

நீலாவதிக்கு அந்த மேடை வேண்டும். ஒளிப்பானேன், அதற்காகத்தான் இந்த ஒரு மாதமும் காலில் தைலத்தைத் தடவிக்கொண்டு கிடந்தாள்.

மங்கலம்பேட்டைப் பள்ளிக்கூடத்தில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் டான்ஸ் டீச்சர். ஆண்டு விழாவில் பிள்ளைகள் ஆடும். இவள் படுதா ஓரத்தில் நின்று வாயசைப்பாள். கைதட்டல் பிள்ளைகளுக்கு. கழன்று விழுந்த சலங்கையைத் தேடுகிற வேலை இவளுக்கு. ஒரே ஒரு தடவை, நாலு பேர் தன்னைப் பார்க்க ஆடிவிட வேண்டும். அவள் புருஷன் ராஜாங்கம்கூட நாளைக்குப் பட்டறையில் லீவு சொல்லிவிட்டான்.

வலது கால், வலது கால் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே ஆரம்பித்தாள். நிமிர்ந்தாள். எதிரே மாஸ்டர். அவருக்குப் பின்னால் பாயில் வரிசையாக டீச்சர்கள்.

அவ்வளவுதான். இடது கால் தானாக எழுந்துவிட்டது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

பிள்ளைகளுக்கு எதிரே நின்று சொல்லிக்கொடுக்கிறவள், அவர்கள் வலது காலைத் தூக்க வேண்டுமானால் தன் இடது காலைத் தூக்கிக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் குழம்பிப்போகும். இத்தனை வருஷமாக அதையே செய்து செய்து, எதிரில் முகங்களைக் கண்டாலே உடம்பு டீச்சராகிவிடுகிறது. உள்ளே இருந்த ஆட்டக்காரி எப்போது கிளம்பிப் போனாள் என்றே தெரியவில்லை.

அழுகை வந்தது. அழக்கூட அலுப்பாக இருந்தது.

"இன்னொரு தபா ஆடுங்க டீச்சர், வந்துடும்," என்றாள் வாசுகி. கடலூர்ப் பெண். முகாமிலேயே சின்னவள், போன வருஷம்தான் வேலைக்குச் சேர்ந்தவள்.

நீலாவதி திரும்பினாள். எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள். பாயில் இருந்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். சபைக்கு முதுகைக் காட்டி யாராவது ஆடுவார்களா?

சுவரில் முகம் ஒன்றும் இல்லை. வலது கால் எழுந்தது.

மணிமுத்தாற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போகிற ஒருத்தி. அவள் அமைத்த நடனம் அதுதான். மணலில் ஊற்றுத் தோண்டி, குடத்தில் மொண்டு, இடுப்பில் ஏற்றி, கரையேறி நடக்கிற வரைக்கும் ஒரு தட்டுப் பிசகவில்லை. முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை. இத்தனை நாளும் எங்கே போயிருந்தாய் என்று தன் காலையே பிடித்துக் கேட்கலாம் போலிருந்தது. அவ்வளவு சந்தோஷம்.

முடித்துத் திரும்பியபோது மாஸ்டர் எழுந்து நின்றிருந்தார்.

"பொண்ணு பாக்க வந்திருக்காங்க. பொண்ணு வெக்கத்துல திரும்பி நிக்குது. கடைசி வரைக்கும் மொகத்தையே காட்டல! இப்படி யாரும் அமைச்சு நான் பாத்ததில்லம்மா. நாளைக்கு இதுதான்."

அது வெட்கம் இல்லை, தண்ணீர்க் குடம் என்று சொல்ல நீலாவதி வாயைத் திறந்தாள். மேடையே கிடைத்துவிட்டது, குடம் போனால் போகிறது. மூடிக்கொண்டாள்.

மாஸ்டர் பாய்ப் பக்கம் திரும்பினார்.

"வாசுகி, எழுந்து வாம்மா. கல்யாணப் பொண்ணுன்னா வயசு ஒத்து வரணும் இல்லீங்களா? டீச்சர், அமைச்சவங்க நீங்க, நீங்களே சொல்லிக்குடுத்துடுங்க. நாளைக்குப் பின்படுதாவக் கொஞ்சம் வெலக்கி வெச்சு, அந்தாண்ட நின்னு ஆடிக் காட்டுங்க. பொண்ணு சனத்துக்கு முதுகக் காட்டி, உங்களப் பாத்தே ஆடிடும். இருட்டுல நின்னீங்கன்னா சனத்துக்குத் தெரியாது."

மறுத்துப் பேசலாம்தான். அதற்கும் தெம்பு வேண்டுமே.

"சரிங்க சார்," என்றாள் நீலாவதி.

வாசுகி ஓடி வந்து எதிரே நின்றாள். பாவம், அவள் முகத்தில் அத்தனை ஆசை. அவளைக் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை.

நீலாவதி இடது காலைத் தூக்கினாள். வாசுகியின் வலது கால் எழுந்தது.

நாளைக்கு அந்த மேடையில் சனத்தைப் பார்த்து ஆடப்போகிறவள் நீலாவதி ஒருத்திதான். படுதாவுக்கு அந்தப் பக்கம் நின்று.