ஜாடியில் மாட்டிய ரப்பர் பேண்டு

மனைவி இறந்தபின், ரொட்டியைப் பொங்கவைக்க அவள் வளர்த்த புளிமாவு ஜாடியைப் பேக்கரிக்காரரால் பார்க்கவே முடியவில்லை. செத்துத் தொலையட்டும் என்று அதில் வினிகரை ஊற்றினார்.

"ஈஸ்ட் லேசுல சாகாதுங்க," என்பாள் அவள், உயிரோடு இருந்தபோது. "புளிப்பு ஏறினா கொஞ்ச நாள் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கும். அப்புறம் அந்தப் புளிப்பையே தின்னுட்டு எழுந்துக்கும். நான் உங்களோட குப்பை கொட்டலையா?"

சில நாள் மாவு அசையவில்லை. பிறகு ஒரு காலையில் பொங்கி நின்றது. தொட்டு நக்கினார். துளிப் புளிப்பில்லை.

மாவின் மட்டத்தைக் குறிக்க, தன் தலைமுடி ரப்பர் பேண்டைத்தான் ஜாடியில் மாட்டுவாள். அதை இறுதிச் சடங்கில் அவள் கூந்தலில் போட்டு அனுப்பியதே அவர்தான்.

இப்போது அது ஜாடியில் இருந்தது, அவர் வினிகர் ஊற்றிய அன்று மாவு நின்ற மட்டத்தில். ஒரு நரைமுடி அதில் சுற்றியிருந்தது.

அவள் மறுபடியும் வரட்டும் என்று, அவர் கடைக்குப் போய் இன்னொரு பாட்டில் வினிகர் வாங்கிவந்தார்.