சவப்பெட்டிக் கடைக்கு ஒரு செயலி

“ஆப் வேண்டாம்னு போன வருஷமே சொல்லிட்டேனே, எய்விந்!”

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவர் வாயைத் திறப்பதற்கு முன்பே தூரிட் சொல்லிவிட்டாள். அலுப்புதான் அவளை அப்படிப் பேச வைத்தது. நம்சோஸ் ஊரில் சவப்பெட்டி விற்று, இறுதிச் சடங்குகளையும் ஏற்று நடத்தும் ஒரே கடை அவளுடையது. குளிர் தொடங்கியதிலிருந்து ஓயாமல் சாவு. இன்றும் கல்லறை மேட்டில் மழையில் நின்றுவிட்டு இப்போதுதான் திரும்பியிருந்தாள். ஈரக் காலுறைகள் ஹீட்டர்மேல் காய்ந்துகொண்டிருந்தன.

எய்விந் வாசல் கால்மிதியிலேயே நின்றார். ஊரிலுள்ள கடைகளுக்கெல்லாம் செல்பேசிச் செயலி செய்து விற்பவர் அவர். பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாத ஆள். இன்று தொண்டையைச் செருமிக்கொண்டு நின்றார்.

“ஆப்...” என்றார். “ஆமா. ஆப்.”

“ஊர்ல எல்லாருக்கும் ஆப்பு வச்சாச்சு. நான் ஒருத்திதான் பாக்கி, அதானே? உக்காருங்க. ஃபிளாஸ்க்ல காபி இருக்கு, ஆறிப்போயிருக்கும். குடிச்சிட்டுக் கிளம்பிடணும், சொல்லிட்டேன்.”

அவர் உட்கார்ந்தார். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிறகு மனப்பாடம் ஒப்பிப்பதுபோல ஆரம்பித்தார்.

“பேக்கரியப் பாருங்க. அடுப்புலேந்து ரொட்டி எறங்குனதும் பாதி ஊருக்குப் போன்ல மணி அடிக்குது.”

“அடிக்குது, அடிக்குது! போன வாரம் சர்ச்சுல பாதிரியார் ஜெபம் சொல்றாரு, என் பைக்குள்ளேந்து ‘டிங்’. சூடா பன் ரெடியாம்! செத்தவரோட பொண்ணு என்னத் திரும்பிப் பாத்தா பாருங்க ஒரு பார்வை... எல்லாம் நீங்க பண்ணின புண்ணியம்.”

எய்விந் சிரிக்கவில்லை.

“மீன் கடைல, படகு வந்ததும் இன்னிக்கு என்ன மீன்னு சொல்லும். பல் டாக்டருக்கு, ஆறு மாசம் ஆச்சு, வந்து காட்டுங்கன்னு கூப்பிடும். முடி வெட்டற கடைல, பத்து தடவ வெட்டிக்கிட்டா ஒரு தடவ இலவசம்.”

“நானும் அப்படியே போட்டுடறேன். பத்துப் பெட்டி வாங்கினா ஒண்ணு இலவசம்!” தூரிட் தன் கோப்பையை நிரப்பிக்கொண்டாள். “திரும்பத் திரும்ப வர்றவங்களுக்குத்தான் எய்விந் அதெல்லாம். என் கடைக்கு எவன் ரெண்டாவது தடவ ஆசப்பட்டு வரான்?”

மற்ற நாளாக இருந்தால் இதற்கு அவளைவிடச் சத்தமாகச் சிரித்திருப்பார். பாவம், தொழில் படுத்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். வங்கியும் படகுத் துறையும் டிரான்ட்ஹெய்ம் நகரத்திலிருந்து பெரிய நிறுவனத்தைக் கூப்பிட்டுக்கொண்டதாகக் கேள்விப்பட்டிருந்தாள். வேறு வழியில்லாமல்தான் சவப்பெட்டிக் கடை வரைக்கும் வந்திருக்கிறார்.

“உங்களுக்கு வேற மாதிரி செய்யணும்,” என்றார் அவர், சுவரில் மாட்டியிருந்த பெட்டிப் படங்களைப் பார்த்தபடி. “இந்தப் படமெல்லாம் அதுலயே இருக்கும். பைன் மரமா, வெள்ளப் பெயின்டா, விரல வச்சாப் போதும். பூ, பாட்டு, எந்தக் கிழமை, எல்லாமே விரல்லயே முடிஞ்சிடும். யார் முன்னாடியும் வந்து நிக்க வேண்டாம்.”

“அப்புறம் நான் எதுக்கு?”

“நீங்க பெட்டியோட வந்தாப் போதும்.”

“நல்லா இருக்கு! பன்னு கொண்டாந்து குடுக்கற மாதிரியா?”

அவர் மறுபடியும் சுவர்ப் படங்களையே பார்த்தார். தூரிட்டுக்கு எரிச்சலாக வந்தது. குரலைத் தாழ்த்தி, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, இடத்துக்குத் தகுந்த வியாபாரம்! ஜிம்முக்கு ஆப் விற்கப் போனபோது தண்டால் எடுத்துக் காட்டியிருப்பார் போல.

“இங்க பாருங்க எய்விந். காலைலேந்து அழுத முகமாப் பாத்துட்டு வரேன். வீட்டுக்குப் போய்க் கால வெந்நீர்ல வைக்கணும். மிச்சத்த நாளைக்குப் பேசிக்கலாமே.”

“நாளைக்கா?” அவர் மிரண்டுபோனவர்போல நிமிர்ந்தார். “இல்ல, இன்னும் ஜிம்மப் பத்திச் சொல்லல. நாலு நாள் போகலன்னா அது... எங்க காணோம்னு கேக்கும். மருந்துக் கடைல, மாத்திர தீரப் போகுதுன்னு அதுவே சொல்லும். தீந்துபோறதுக்கு முன்னாடியே சொல்லிடும்.”

சொல்லிக்கொண்டே போனார். சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. தூரிட் எழுந்து ஈரக் காலுறைகளை மாட்டிக்கொண்டாள். கோட்டைப் போட்டாள். கண்ணாடி அலமாரியின் விளக்கை அணைத்தாள். மனிதர் நாற்காலியை விட்டு அசையவில்லை. அன்றைய அலுப்பு முழுவதும் திரண்டு அவள் நாக்குக்கு வந்தது.

“சரி, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அந்த ஆப்பத் தொறந்தா முதல்ல என்ன கேக்கும்?”

“இறந்தவங்க பேரு.”

“அத டைப் அடிக்கணும். அவ்வளவுதானே? அந்தப் பேர இங்க வந்து என்கிட்ட வாயால சொல்றதுல ஒரு மனுஷனுக்கு அப்படி என்னங்க கஷ்டம்?”

எய்விந் அவளை ஏறிட்டுப் பார்த்தார். கோப்பையை மேஜைமேல் வைத்தார்.

“ஹெர்டிஸ்,” என்றார். “என் சம்சாரம். இன்னிக்குக் காலைல.”