பாதத்தில் ஒரு துடிப்பு

“சார், பாதத்துல துடிப்பு இருக்கு!”

அறுவைச் சிகிச்சை பயிலும் மெஹ்ராஜ் கூப்பிட்டுச் சொன்னாள். மயக்கத்தில் கிடந்த கல்வராயன் மலைக்காரர் சடையனின் தொடையில் கடைசித் தையலைப் போட்டுக்கொண்டிருந்த பெரிய டாக்டர் நிமிரவில்லை.

“அது உன் விரலோட துடிப்பும்மா. கத்துக்கற எல்லாரும் ஏமாறுறதுதான். இன்னொரு கையை உன் கழுத்துல வெச்சுப் பாரு, ரெண்டும் ஒண்ணாத்தான் அடிக்கும்.”

வைத்துப் பார்த்தாள். கழுத்தில் அவள் நாடி படபடத்தது. பாதத்தில் இருந்ததோ நிதானமாக அடித்தது.

“இல்ல சார். மானிட்டர்ல அவரோட இதயம் அடிக்கறப்பல்லாம் இதுவும் அடிக்குது.”

பெரிய டாக்டர் தையல் நூலை நறுக்கினார். “வெட்டி எடுத்த காலை இன்னும் இன்னாத்துக்கும்மா புடிச்சிக்கினு நிக்கற? துணியில சுத்தி வெளிய குடு. பொதைக்கறதுக்கு அவரு தம்பி காத்துக்கினு இருக்காரு.”