இருக்கைக்கு அடியில்

"சிகரெட்டைத் தூக்கி எறிங்கம்மா! நாம உட்கார்ந்திருக்கிறதே பெட்ரோல் மேல!"

எவாசியோ கத்தினார். க்ளோடில்டா அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஒரு கையால் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே இன்னொரு இழுப்பு இழுத்தாள். எதிரே வந்த குதிரை வண்டி மிரண்டு ஒதுங்கியது. இத்தாலியின் டூரின் நகரம் கீழே சிறுத்துக்கொண்டே போக, மலைப்பாதை செங்குத்தாக ஏறியது.

பிரபுக்கள் வாங்கும் கார்களைச் செய்து விற்பவர் எவாசியோ. பெட்ரோல் தொட்டியை முன் இருக்கைக்கு அடியில் வைப்பது அவர் எடுத்த முடிவு. போன வசந்தத்தில் அவருடைய கார் ஒன்று இதே பாதையில் பாறையில் மோதித் தீப்பிடித்தது. ஓட்டி வந்த ஃபாவுஸ்தோவால் இறங்கவே முடியவில்லை.

ஃபாவுஸ்தோவின் மனைவிதான் க்ளோடில்டா. அன்றிலிருந்து, தொட்டியை இடம் மாற்றச் சொல்லி அவள் ஏறி இறங்காத பத்திரிகை ஆபீஸ் இல்லை. "எங்க வீட்டுல நிக்கிற உங்க இன்னொரு கார்ல, ஒரே ஒரு தடவை என்னோட மலையேறி வாங்க. அப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன்" என்று நேற்று சொல்லி அனுப்பியிருந்தாள். விட்டது சனியன் என்று எவாசியோ வந்துவிட்டார்.

"தொட்டியைப் பின்னால வெச்சா என்னவாம், முதலாளி?"

"பள்ளத்துல கிடக்கிற பெட்ரோல் மேட்டுல இருக்கிற எஞ்சினுக்கு எப்படிம்மா ஏறும்? தொட்டிக்குள்ள காத்தடிச்சுத் தள்ளணும். பாதி மலையில மூச்சு முட்டி நின்னுடும். இப்பப் பாருங்க, நம்ம வண்டி என்னமா வழுக்கிட்டு ஏறுது! எல்லாம் அடியில தொட்டி இருக்கிறதாலதான்."

"அப்படியா!"

சக்கரம் ஒரு குழியில் இறங்கி ஏறியது. சிகரெட்டிலிருந்து பொறி பறந்து இருக்கையில் விழுந்தது. எவாசியோ தொப்பியைக் கழற்றி அதை அடி அடியென்று அடித்தார்.

"ஏன் இப்படி நடுங்குறீங்க? வண்டியில ஒரு குறையுமில்ல, ஓட்டினவர் தப்புன்னு விசாரணையில நீங்கதானே சொன்னீங்க?"

"பாறை! ஐயோ, பாறைம்மா!"

எவாசியோ உட்கார்ந்திருந்த பக்கமாக வண்டி பாறையில் கிறீச்சென்று உரசிக்கொண்டு போனது. அவர் கண்களை இறுக மூடிக்கொண்டார். வண்டி ஒரு வளைவில் நின்றது.

"இங்கதான். கடைசி வரைக்கும் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாராம். ஆடு மேய்க்கிறவன் சொன்னான்."

சொல்லிவிட்டு, எரியும் சிகரெட்டை அவருக்கும் தனக்கும் நடுவே இருக்கையில் வைத்து அழுத்தினாள். தோல் கருகிப் புகை எழுந்தது.

எவாசியோ அலறிக்கொண்டு குதித்தார். சருகுகளில் விழுந்து, எழ முடியாமல் தவழ்ந்தார்.

"மாத்திடறேன்! என் பிள்ளைங்க மேல சத்தியமா மாத்திடறேன்! இனிமே எல்லா வண்டிக்கும் தொட்டி பின்னாலதான். வண்டி மலையேறாட்டிப் போகட்டும்! முதல்ல நீங்க இறங்குங்கம்மா, வெடிக்கப் போகுது!"

க்ளோடில்டா நிதானமாக இறங்கினாள். இருக்கையை இரண்டு கைகளாலும் தூக்கிக் காட்டினாள். அடியில் வெறும் பலகைதான் இருந்தது.

"உங்க தொட்டியைப் போன மாசமே கழட்டி எறிஞ்சாச்சு, முதலாளி. இவ்வளவு தூரம் நாம வழுக்கிட்டு ஏறி வந்தது, பின்னால இருக்கிற பெட்ரோல்லதான்."