கட்டில் முடிகிறவரை

"எத்தனை நாள் லீவு மச்சான்?"

"கட்டில் முடியிற வரைக்கும்."

சவூதியின் தம்மாமிலிருந்து வந்து, வாசலில் பெட்டியை இறக்கி வைத்தபடி பாக்கர் அன்று மனைவி மலிகாவிடம் அப்படித்தான் சொன்னார்.

இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கேள்விக்கு அவர் சொன்ன பதிலெல்லாம் எண்கள்தான். முப்பது. நாற்பத்தைந்து. உம்மா மவுத்தாகி அடக்கத்துக்கு வந்தபோது மட்டும் ஏழு. அந்த எண்ணைக் கேட்ட கையோடு மலிகா காலண்டரைப் பார்ப்பாள். என்றைக்கு மீன் ஆணம், என்றைக்கு யார் வீட்டு விருந்து என்று மனதுக்குள் நாட்களைப் பங்கு போடுவாள்.

இந்த முறை எண் இல்லை. கிண்டல் செய்கிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டாள்.

மறுநாள் காலையில் ஒரு குட்டி லாரி வந்து நின்றது. அதில் நான்கு கதவுகள்.

பாக்கர் பிறந்த வீட்டுக் கதவுகள். கீழக்கரையில் வீடு பெண்ணுக்குத்தான். ஆண்பிள்ளை நிக்காஹ் முடிந்ததும் மனைவியின் வீட்டுக்கு வந்துவிடுவான். அவர் பிறந்த வீடு அக்காவுக்குப் போனதும் அப்படித்தான். அக்கா இப்போது அதை இடித்து மாடி எழுப்புகிறாள்.

"வீடு அக்காவுக்கு, கதவு மட்டும் ஒங்களுக்காக்கும்?"

"தூக்கிட்டு வர முடிஞ்சது இதுதானே."

கதவுகளை நேராகப் படுக்கை அறைக்குள் கொண்டுபோனார்.

"வெளி முத்தத்துல வச்சு கட்டில செய்யலாம்ல? அறையெல்லாம் மரத்தூளு."

"இங்கனயே செய்றேன்."

தம்மாமில் அவருக்கு மரவேலை என்பது தெருவுக்கே தெரியும். ஆனால் அவர் வேலை செய்து மலிகா பார்த்ததில்லை. லீவில் வருகிறவரை யார் வேலை செய்ய விடுவார்கள்? விருந்தாளி மாதிரி சாப்பிட்டு, விருந்தாளி மாதிரி சலாம் சொல்லிப் புறப்படுவார்.

இப்போதுதான் பார்த்தாள்.

முதல் நாள் முழுக்க டேப்பை வைத்து அளந்துகொண்டே இருந்தார். ஒரு கதவைப் படுக்கை வாட்டில் சுவரில் சாய்த்துவிட்டு எதிரே உட்கார்ந்து ஒரு டீ குடித்தார். அதுவே தலைமாடு. இன்னொன்று அப்படியே கால்மாடு. மிச்சம் இரண்டையும் பிரித்தார். கனத்த சட்டங்கள் கால்களாகவும் பக்கக் கட்டைகளாகவும் ஆயின. நடுப்பலகைகள் படுக்கைக்குப் போயின.

இழைக்க இழைக்கப் பெயின்ட் அடுக்கடுக்காக உரிந்தது. மேலே காவி, அடியில் பச்சை, அதற்கும் அடியில் யாருக்கும் நினைவில்லாத ஒரு நீலம். கடைசியில் தேன் நிறத்தில் பர்மா தேக்கு.

கீல் இருந்த பள்ளங்களுக்கு ஒவ்வொன்றாகத் துண்டு செதுக்கி, ரேகையோடு ரேகை சேர்த்து அடைத்தார். மலிகா விரலால் தடவிப் பார்த்தாள். எங்கே அடைத்தார் என்றே தெரியவில்லை. இணைப்புகளுக்கு ஒரு திருகு இல்லை, ஒரு போல்ட் இல்லை. எல்லாம் அவரே சீவிய மர ஆணி. அடிப்பதற்கு முன் ஒரு கணம் கண்ணை மூடிக்கொள்வார். பிறகு ஒரே அடி.

இந்தக் கைகளையா இத்தனை வருஷம் சும்மா உட்காரவைத்து மீனில் முள் எடுத்துக் கொடுத்தோம் என்று அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

தலைமாட்டுக் கதவில் தட்டுவதற்கு இருந்த இரும்பு வளையத்தை மட்டும் கழற்றவில்லை. துடைத்து எண்ணெய் போட்டு விட்டுவிட்டார்.

"என்ன வாப்பா, கட்டிலுக்குக் காலிங் பெல்லா?" என்றாள் மகள் சஃபா.

நான்கு காலும் தரையில் ஊன்றி நின்ற அன்றுதான் மலிகாவுக்குப் பகீரென்றது. கட்டில் முடியப் போகிறது.

"கால் ஆடுற மாதிரி இருக்கே மச்சான்."

ஆடவில்லை. அவர் குனிந்து மறுபடி சரிபார்த்தார்.

"இங்கன இன்னும் சொரசொரன்னு இருக்கு."

கண்ணாடி மாதிரி இருந்தது. அவர் மறுபடி தேய்த்தார்.

உப்புத்தாளை எடுத்து அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். அதில் ஒரு நாள் கிடைத்தது. வார்னிஷ் நிறம் பிடிக்கவில்லை என்றாள். அதில் இரண்டு நாள். போகாதீங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ஆனால், பயணம் புறப்படுகிறவரை மறிக்கக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் அவள். அந்த வார்த்தை மட்டும் வாய்வரைக்கும் வந்து திரும்பிவிடும்.

சொன்ன குறையையெல்லாம் பாக்கர் முகம் சுளிக்காமல் சரிசெய்தார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அவர் வந்தபோது வார்னிஷ் காய்ந்திருந்தது. மலிகா கட்டிலை ஒருமுறை சுற்றி வந்தாள். குறை சொல்ல இனி ஒரு இடம் இல்லை. அத்தனை அழகு.

நிமிர்ந்தவளின் கண்ணில் அறை வாசல் பட்டது. கட்டிலைப் பார்த்தாள். மறுபடி வாசலைப் பார்த்தாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"மச்சான்! இது இந்த வாசல்ல வெளிய போவாதே! கழட்டலாம்னா ஒரு போல்ட்டும் இல்ல. இருவத்திரெண்டு வருசம் மரவேலை பாத்த ஆளு, வாசல அளக்கலியா?"

"மொத நாளே அளந்துட்டேன்."

மலிகாவின் சிரிப்பு பாதியில் நின்றது.

அவர் கட்டிலில் உட்காரவில்லை. தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"விசாவ முடிச்சுட்டுத்தான் வந்தேன் மலிகா."

பிறகு தலைமாட்டு வளையத்தைத் தூக்கி, வெளியே நிற்கிற ஆள் தட்டுவதுபோல, மெதுவாக இரண்டு தட்டுத் தட்டினார்.

"இது ஒன் வீடு. நான் இனி இங்கனயே இருந்துக்கிறட்டுமா?"