டிராம் வண்டிக்கு ஓர் இடம்

பழைய டிராம் வண்டியை எங்கே நிறுத்தி ஜனங்களுக்குக் காட்டுவது? கமிட்டியின் ஒன்பதாவது கூட்டத்திலும் தலைவருக்குத் தலை சுற்றியது.

"பூங்காவுல வைக்கலாமா?"

"வாக்கிங் போறவங்க சண்டைக்கு வருவாங்க சார்" என்றார் பொறியாளர்.

"ஸ்டேஷன் வாசல்ல?"

"டாக்ஸிக்காரங்க விடமாட்டாங்க."

"மியூசியத்துல?"

"கேட்டுக்குள்ளயே நுழையாது சார்."

"இவ்வளவு பெரிய ஊர்ல ஒரு வண்டிக்கு இடமில்லையா?" தலைவர் மர இருக்கையில் ஓங்கிக் குத்தினார்.

"அம்மா, இந்தப் பொம்மைக்குக் கோவமெல்லாம் வருது!"

ஜன்னலுக்கு வெளியே ஒரு குழந்தை. அதன் பின்னால் செல்போனும் கையுமாக நீண்ட வரிசை.

கூட்ட அறைக்கு இன்னும் வெள்ளையடித்து முடியாததால், அலுவலக வாசலில் கிடந்த அந்த டிராமுக்குள்தான் கமிட்டி கூடிக்கொண்டிருந்தது.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "எழுதிக்குங்க. வண்டிக்கு இடம் கிடைச்சாச்சு. இனி கமிட்டிக்குத்தான் தேடணும்."